ஒத்து இல்லாத காற்று

மேல்கடலில் புறப்பட்டு, ரப்பர்க்காட்டையும் வாழைத்தோப்பையும் உலுக்கிவிட்டு, மலை இரண்டாகப் பிளந்து வழிவிட்டிருக்கிற கணவாயில் ஒருமுறை மூச்சை இழுத்துப் பிடித்து, அப்புறம் கிழக்கே பொட்டலைப் பார்த்து மொத்தமாக இறங்குகிற ஆனிக்காற்று, கள்ளிப்பொத்தைக்கு அதுவரை மண்ணையும் சருகையும் பக்கத்து ஊர்க் கொடிகளில் காய்ந்த வேட்டிகளையும்தான் கொண்டுவந்து போட்டிருக்கிறது. அந்த வருஷம் அது ஒரு பாட்டைக் கொண்டுவந்து போட்டது.

பாட்டு வந்து விழுந்த இடம் ஊருக்கு மேற்கே கடைசியாக நிற்கிற காத்தாடி. பனைகளைவிடக் காத்தாடிகள் அதிகமாகிவிட்ட ஊர் அது. வெள்ளைத் தூணும் மூன்று இறக்கையுமாக, கம்பெனிக்காரர்கள் நட்டுவிட்டுப் போன அந்த உயரங்கள் மின்சாரம் எடுக்கும், வெயிலை வெட்டி வெட்டி நிழலாகத் தரையில் போடும், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடைசிக் காத்தாடி ஒருநாள் உச்சிப்பொழுதில் பாடத் தொடங்கியது. முதலில் கேட்டவள் சுயம்புக்கனி. அதன் காவல்காரருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போய்க்கொண்டிருந்தாள். காவல்காரர் அவளுடைய புருஷன் பலவேசம்.

எந்த ஊர்க் கோயில் கொடைக்கு இந்நேரத்தில் ரேடியோ கட்டியிருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் கிட்டப் போகப் போக அது மேலேயிருந்து வந்தது. ஒரு பிடில், கச்சேரிப் பிடிலைப் போல ஒரே சுரத்தில் நின்று குழையாமல், கல்லுக்குக் கல் தாவி ஓடையைக் கடக்கிற பிள்ளையைப் போல ஓடியது. அதன் பின்னால் ஒரு தகரக்குழல், அதற்கும் பின்னால் தொலைவில் யாரோ தப்பைக் குச்சியால் வருடுகிற மாதிரி ஒரு தோல்கொட்டு. மூன்று இறக்கையும் தகிட தகிட என்று சுற்ற, பாட்டும் தகிட தகிட என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து, வந்த இடத்தில் உட்காராமல், அப்போதுதான் முதல்முறையாகப் புறப்படுவதுபோல மறுபடி புறப்பட்டது. அவள் அண்ணாந்து நின்றாள். தகரக் கொட்டகையின் கீழே பலவேசமும் அண்ணாந்து நின்றார். உங்களுக்கும் கேக்குதா என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு, முந்தினநாள் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரே ஒரு சொல். சுயம்புக்கனியின் அண்ணன் சொரிமுத்து நையாண்டி மேளம் வைத்திருப்பவர். மூன்று தாலுகாவில் அவர் தேதி கொடுக்காமல் கொடை நாள் குறிக்க மாட்டார்கள். அந்த செட்டில் பலவேசம் ஒத்து வாசித்தார். நாதஸ்வரம் போலவே நீளமான குழல்தான் ஒத்து. ஆனால் விரல் வைத்து வாசிக்க அதில் துளை கிடையாது, ஒரே சுரம். மற்றவர்கள் ஏறி இறங்கி ஆடிப் பாடி வர, ஒத்துக்காரன் மட்டும் மூச்சு அறாமல் அந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் விட்டால் எல்லோரும் விழுவார்கள். ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில், அடுத்த கொடைக்கு எந்த ஊருக்குப் போவது என்று பேச்சு வந்தபோது பலவேசம் மச்சானுக்கு மறுபேச்சு ஏதோ சொல்ல, சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த சுயம்புக்கனி, "எங்க அண்ணனுக்கு ஒத்து ஊதுற ஆளுதான நீங்க, உங்களுக்கு எதுக்கு இந்தப் பஞ்சாயத்து?" என்றாள். அவள் உள்ளதைத்தான் சொன்னாள். ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்பதைப் பந்தி முழுவதும் சிரித்த பிறகுதான் அவள் உணர்ந்தாள். பலவேசம் பாதிச் சோற்றில் இலையை, இழவு வீட்டில் மடிப்பதுபோல, வெளிப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். அன்றோடு ஒத்தையும் விட்டார், அவளோடு பேச்சையும் விட்டார். காத்தாடிக் காவலுக்குப் போனார். சொரிமுத்து ஒரு மின்சாரச் சுருதிப்பெட்டி வாங்கிக்கொண்டார்.

மற்ற எல்லோரிடமும் பலவேசம் கலகலவென்று பேசுவார் என்பதுதான் அவளுக்குத் தாங்காது. வீட்டில் எல்லாம் மகள் செண்பாவின் வழியாகத்தான் போய்வந்தது. "உங்கம்மைட்ட சொல்லு, புளி கூடிப்போச்சு." "உங்கப்பாட்ட கேளு, ரெண்டாவது சோறு வேணுமா." செண்பாவுக்கு ஆவணியில் நிச்சயம் வைத்திருந்தார்கள். நாகர்கோவிலில் ஜவுளிக்கடைக் கணக்கு எழுதுகிற நல்ல பையன். ஆனால் செண்பா சொல்லிவிட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரே பேசாம எனக்குக் கல்யாணம் வேண்டாம். ரெண்டு கல்லுக்கு நடுவுல மாலையோட நிக்க என்னால முடியாது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் தேஞ்சுபோச்சு. நான் போயிட்டா உங்களுக்கு யாரு தபால் குடுப்பா?"

சொன்னால் சொன்னதுதான், அப்பனின் பிள்ளை அவள்.

பாட்டு அப்படி வந்து சேர்ந்தது. கம்பெனியிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்து தூணுக்குள் ஏறி, பல்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்து மாட்டிவிட்டு, மின்சாரம் ஒழுங்காக வருகிறது, பாட்டு எங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டு, கிளம்ப வேண்டியவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்து ரயிலைத் தவறவிட்டார். ஊரும் நாலைந்து நாள்தான் அதிசயப்பட்டது. பிறகு அது, ஒரு நேரம் வேகப்பாட்டும் ஒரு நேரம் மெதுவான பாட்டுமாக, மழை, வெயில் போல ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்து மணி அடிக்காமலே பிள்ளைகள் வேகப்பாட்டுக்கு வெளியே ஓடி, நிதானப்பாட்டுக்கு உள்ளே வந்தார்கள். பீடி சுற்றுகிற பெண்கள் அந்தத் தகிட தகிடவுக்கு இலையை வெட்டினார்கள். சாயங்காலம் அதற்கே கும்மி கொட்டினார்கள். நம்ம கும்மிக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே என்று சொல்லிக்கொண்டார்கள். மதியம் வருகிற மெதுவான பாட்டுக்குப் பால்குடிப் பிள்ளைகள் தூங்கின. அந்தப் பாட்டில் பிடில் ஒன்றாகத் தொடங்கி, எங்கிருந்தோ ஒரு கல்யாண மண்டபம் கொள்ளுகிற அளவு பிடில்களும் கொம்புகளும் சேர்ந்து, மேகம் திரளுவதுபோலத் திரண்டு, இனி இடிதான் என்கிற இடத்தில் எல்லாம் வடிந்து, நீர் சொட்டுவதுபோல ஒற்றைக் கம்பி மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தில் டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைக்கூட யாரும் சத்தமாக வைப்பதில்லை.

இது சந்தோஷப்பாட்டா துக்கப்பாட்டா என்று டீக்கடையில் கட்சி பிரிந்தது. ஆடச் சொல்லிவிட்டு அழவும் சொல்லுகிறதே என்று சிலருக்குக் கோபம். கோயில்காரர்கள் அதற்கு அம்மன் பாட்டு எழுதிப் பார்த்தார்கள், வேதக்கோயில் கிறிஸ்தவர்கள் ஞானப்பாட்டு எழுதிப் பார்த்தார்கள், கட்சிக்காரர்கள் தேர்தலுக்கென்று எழுதிப் பார்த்தார்கள். எந்த வார்த்தையும் அதில் நிற்கவில்லை. அடி முடிவதற்குள் பாட்டு திரும்பிக்கொள்ளும். வார்த்தை வழுக்கி விழும்.

சுயம்புக்கனிக்கு அதில் பிடித்ததே அதுதான். வார்த்தை இல்லாததால் அந்தப் பாட்டு யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்க வைத்தது, அழ வைத்தது, பச்சைப்பசேலென்று சரிந்து கடலில் இறங்குகிற, அவள் ஒருநாளும் பார்க்காத ஒரு கரையைக் கண்ணுக்குள் கொண்டுவந்து வைத்தது. ஆனால் ஒருத்தர் மனசையும் ஒரு சொல்லால் கீறவில்லை. இப்படியும் ஒருத்தி வாழ்ந்திருக்கலாமே என்று தோன்றும் அவளுக்கு.

அதற்குப் பேர் சொன்னவர் ததேயு. கப்பலில் சமையலாளாகக் கிடந்துவிட்டு, இப்போது கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிறவர். டீக்கடையில் பெட்டியை இறக்கிவைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "இது அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பாட்டு வே. அங்க துறைமுகத்துக் கடைகள்ல ராத்திரி ஆனா உக்காந்து வாசிப்பாவ. கெல்டிக்கும்பாவ."

"கெட்டியா?" என்றார் டீக்கடைக்காரர்.

"கெட்டி இல்ல. கெல்டிக்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். கெட்டி. கெட்டிமேளம்."

ததேயு மீனுக்கு ஐஸ் போடப் போய்விட்டார். அன்றிலிருந்து அது கெட்டிமேளம் ஆயிற்று. கெட்டிமேளம் என்றால் அதற்குண்டான நியாயம் உண்டு. தாலி ஏறுகிற நேரத்தில் எவனாவது தும்மி வைப்பான், எவளாவது ஒரு கெட்ட சொல்லைச் சொல்லி வைப்பாள், அது பொண்ணு மாப்பிள்ளை காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே மேளத்தைக் கெட்டியாகக் கொட்டுகிறது. ஆகவே ஊரில் மனத்தாங்கல் உள்ளவர்கள் காத்தாடியடிக்குப் போய், வேகப்பாட்டு ஏறுகிற நேரம் பார்த்து, ஒருத்தரை ஒருத்தர் ஆசைதீரத் திட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், களைத்து, சேர்ந்து வீடு திரும்பினார்கள். பலவேசம் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அன்னிக்கு அந்தப் பந்தியில இது கொட்டியிருக்கக் கூடாதா என்று தூக்குச்சட்டியோடு நின்ற சுயம்புக்கனி நினைத்தாள்.

ஆடி பிறந்து காற்று கெட்டியானபோதுதான் சிக்கல் வந்தது. பாட்டு ஊரை இழுக்கத் தொடங்கியது. மெதுவான பாட்டு வருகிற நேரம் எல்லோருக்கும் எங்கோ போக வேண்டும்போல இருந்தது. எங்கே என்று தெரியவில்லை, மேற்கே என்று மட்டும் தெரிந்தது. அடுப்பில் சோறு கரிந்தது. ஆடுகள் மேயாமல் ஒரே திசையைப் பார்த்து நின்றன. மாடக்கண்ணு நாடார் சலவை வேட்டி கட்டி, பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, "அந்தப் பாட்டு இருக்கற ஊருக்கு ஒண்ணு குடும்" என்றார். கண்டக்டர் ஆச்சரியப்படாமல் நாகர்கோவிலுக்கு ஒன்று கிழித்து, "அங்க இறங்கிக் கேளும் பெரியவரே, அதுக்கு மேல நமக்கு ரூட்டு இல்ல" என்றார். மற்றவர்கள் நடந்தே கணவாய்வரை போய், அங்கே அசட்டுத்தனமாக ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பினார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அதிக தூரம் போனார்கள்.

ஒரு சாயங்காலம் செண்பாவைக் கணவாயிலிருந்துதான் கூட்டிவந்தாள் சுயம்புக்கனி. பிள்ளையின் காலில் செருப்பில்லை. கண்ணில் ஊர் இல்லை.

"எங்கட்டி போற?"

"தெரியலம்மா. இங்க இருந்து என்ன செய்ய? வீட்டுலயும் யாரும் யார்ட்டயும் பேசல. அதுவாவது கூப்புடுது."

மகளை வீட்டில் உட்கார வைத்தாள். நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். சொரிமுத்து செட்டைக் கூட்டிவைத்து அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர்களும் காத்தாடியடியில் நின்று கூடவே வாசித்துப் பார்த்திருந்தார்கள்.

"பாட்டு மேல குத்தம் இல்ல தாயி," என்றார். "நல்ல பாட்டு. நான் இத்தன வருசம் ஊதுனதுல இப்படி ஒரு வளைவு எனக்கு வந்தது கிடையாது. ஆனா அதுக்குக் கீழ ஒத்து இல்ல. நிக்க ஒரு தரை இல்லாம அந்தரத்துல சுத்துது. அதான் கேக்குறவனையும் கால் பாவ விட மாட்டேங்குது."

"சுருதிப்பெட்டியப் போட்டா?"

"போட்டேனே. காத்து கூடும், குறையும். சுரம் அதோட ஒரு நூல் ஏறும், ஒரு நூல் இறங்கும். பெட்டி வச்ச இடத்துலயே நிக்குது, சர்க்கார் ஆபீசு மாதிரி. மனுச மூச்சுதான் கூடப் போவும்." சுருதிப்பெட்டியின் மூடியைச் சாத்தினார். "பலவேசம் மாப்ளகிட்ட ஆள் அனுப்பினேன். பெரிய மனுசங்க நாலு பேரு போனாவ. நல்லாத்தான் உக்கார வச்சுப் பேசியிருக்காரு. ஒத்து ஊதுறவன்னு பேரு வாங்குனது போதும், இனி அத நான் வாயில வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு."

யாரும் சுயம்புக்கனியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் தவிலைப் பார்த்தார்கள்.

"அண்ணே, ஒரு சீவாளி குடுங்க," என்றாள் அவள். குழலின் வாயில் செருகி ஊதுகிற நாணல் அது. வீட்டில் கிடந்தது வெடித்துப்போயிருக்கும்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஏ, அது அடுப்பு ஊதுற மாதிரி இல்ல."

"அடுப்பு ஊதி எத்தன காலம் ஆச்சு. இப்ப கேசுதான. குடுங்க."

மறுநாள் பிற்பகல். மெதுவான பாட்டு தொடங்கி, ஊர் கணவாயைப் பார்த்து நடக்கத் தொடங்கிய நேரத்தில், சுயம்புக்கனி வீட்டில் உறையோடு கிடந்த ஒத்தை உருவி, தோளில் சாத்திக்கொண்டு, தெரு நடுவே எதிர்த்திசையில் வந்தாள். அவள் உயரத்துக்குப் பாதிக்கு மேல் இருந்தது அது. "எங்க மயினி, மேளத்துக்கா?" என்று ஒருத்தி கேலியாகக் கேட்க, "ஆமா, ஒத்து ஊதப் போறேன்," என்றாள் எல்லோர் காதிலும் விழுகிறபடி. "எங்க வீட்டுக்காரரு விட்ட இடத்துல இருந்து ஊதப் போறேன்." கேலி செய்தவள் பின்னால் வந்தாள். நடக்கப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். செண்பா வந்தாள். சொரிமுத்து செட்டோடு வந்து, நாதஸ்வரத்தை மடியில் சாய்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். பலவேசம் கொட்டகையில் கயிற்றுக்கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் ஒத்தைப் பார்த்தார்.

அவள் தூணில் முதுகைச் சாய்த்து, சீவாளியை எச்சிலால் நனைத்து, ஊதினாள். முதலில் வெறும் காற்று. அப்புறம் கன்றுக்குட்டி கத்தியது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது; பந்தியில் எழுந்த அதே மாதிரிச் சிரிப்புதான். அவள் அதைக் கேட்டாள், கேட்டுக்கொண்டே மறுபடி ஊதினாள். மூன்றாவதோ நாலாவதோ தடவையில் குழல் இளகி, நடுங்கி நடுங்கி ஒரு சுரம் வெளியே வந்தது. மேலே பாடிக்கொண்டிருந்த காற்று அதைக் கேட்ட மாதிரி இருந்தது. பிடில் ஒரு வட்டம் சுற்றி வந்து அந்தச் சுரத்தின் மேல் காலை வைத்துப் பார்த்தது, ஆழம் பார்க்கிற மாதிரி. கணவாயைப் பார்த்திருந்த ஆடுகள் குனிந்து ஒரு வாய் புல்லைக் கடித்தன.

அவ்வளவில் அவளுக்கு மூச்சு தீர்ந்தது. சுரம் அறுந்தது. அறுந்த கணத்தில் ஊரே ஒருபடி தவறவிட்டதுபோலத் தடுமாறியது. செண்பாவின் கால் மேற்கே ஓரடி வைத்தது. சுயம்புக்கனி மறுபடி பிடித்தாள். மறுபடி அறுந்தது. முகம் கருஞ்சிவப்பாகி, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வழிய, அவள் நிறுத்தவில்லை. சொரிமுத்து எழுந்து, "போதும் தாயி" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி பிடித்தாள். மறுபடி அறுந்தது.

வேறு எதைக் கேட்டுக்கொண்டும் பலவேசத்தால் உட்கார்ந்திருக்க முடியும். ஒத்து அறுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

"மூக்கால வாங்கு," என்று கத்தினார் கட்டிலிலிருந்து. "கன்னத்துல காத்த நிறுத்திக்கிட்டு மூக்கால மூச்ச வாங்குட்டி. எதுக்கு ஆண்டவன் அத முகத்துல வச்சிருக்கான்?"

அவள் குழலை வாயிலிருந்து எடுத்தாள். காத்தாடி கூட ஒரு சுற்றுத் தயங்கியது என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள்.

"என்னையா சொல்லுதிய?"

"பின்ன காத்தாடியையா சொல்லுதேன்?"

"எங்கிட்ட பேசுறதுக்கு உங்களுக்கு இப்பதான் வாய் வந்துதா?"

"நீ ஊதுற ஊத்துக்குச் செத்தவனே எந்திரிச்சு வருவான். நான் பேசுனது பெருசா?"

"உங்களுக்கு அந்தச் சொல் சுட்டுதுன்னா, அன்னிக்கே என்ன ரெண்டு அடி அடிச்சிருக்கலாம். சாப்பாட்ட எறிஞ்சிருக்கலாம். இத்தன வருசம் சோத்த மட்டும் வாங்கித் தின்னுட்டு இருந்தியளே. நான் என்ன ஓட்டலா?"

"நீ ஒருநாளாவது வந்து கேட்டியா?"

"கேட்டா சொல்லியிருப்பியளா?"

"கேட்டுப் பாத்திருக்கணும்லா."

சொல்லிக்கொண்டே வந்து, அவள் கையிலிருந்த ஒத்தை வாங்கினார். சீவாளியை வேட்டி நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சீவாளிகூட பெருசு, இது உங்கண்ணன் நாயனத்துக்குள்ளது" என்று முனகிவிட்டு, தூணில் சாய்ந்து நின்று ஊதினார். அறாத அந்த ஒற்றைச் சுரம் நிலத்தைப்போல விரிந்தது. காற்று கூடியபோது ஒரு நூல் ஏறியது, தணிந்தபோது ஒரு நூல் இறங்கியது. பிடில் அதன்மேல் இறங்கி நடந்தது, குழல் நடந்தது, மண்டபம் நிறைகிற அத்தனை பிடிலும் கொம்பும் ஒவ்வொன்றாக வந்து கால் ஊன்றின. சொரிமுத்து நாதஸ்வரத்தை எடுத்து அவற்றோடு சேர்ந்துகொண்டார், தவில் சேர்ந்தது. பார்க்காத அந்தக் கரை எல்லோர் கண்ணிலும் இன்னும் இருந்தது, பச்சையாக, நனைந்து. ஆனால் அதற்குப் போயாக வேண்டும் என்று யாருக்கும் இல்லை. செண்பா வரப்பில் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளைப் பிடுங்கினாள்.

சுயம்புக்கனி மட்டும் நிறுத்தவில்லை. ஒத்து ஊதுகிறவன் வாயைத் திறக்க முடியாது. அது தெரிந்தேதான் பேசினாள். கெட்டிமேளம் தலைக்கு மேல் கொட்ட, அவர் காதுப்பக்கமாக நின்று, கூரை ஒழுகின வருஷத்தைச் சொன்னாள், தனக்குக் காய்ச்சல் கண்டபோது செண்பா வழியாக அவர் அனுப்பிய மாத்திரையைச் சொன்னாள், அதை விழுங்காமல் வைத்திருந்ததைச் சொன்னாள், புளி கூடவில்லை, ஒருநாளும் கூடினதில்லை என்பதைச் சொன்னாள், பந்தியில் அவர்கள் சிரித்தபோது தான் சிரிக்கவில்லை என்பதைச் சொன்னாள், மாப்பிள்ளைப் பையனுக்கு இடதுபக்கம் ஒரு பல் தூக்கல் என்பதைச் சொன்னாள். பலவேசம் இரண்டு கன்னமும் உப்பிக்கிடக்க, ஒன்றுக்கும் பதில் சொல்ல வகையில்லாமல், புருவத்தை மட்டும் ஏற்றியும் இறக்கியும் நின்றார். அந்த மாத்திரை விஷயத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். சுரம் அறவில்லை.

பொழுது சாய்ந்து காற்று தணிந்தது. இறக்கைகள் ஒவ்வொன்றாக மெலிந்து நின்றன. ஊர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டது.

பலவேசம் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். வாயைத் துடைத்தார்.

"முடிஞ்சுதா?" என்றார். "உக்காரு. இனி நான் சொல்லுதேன்."

அவள் உட்கார்ந்தாள்.